அப்பாவின் நெஞ்சுச் சூடு

லாரி ஓட்டுகிற மீசைக்காரருக்குக் குறைமாதத்தில் ஒரு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உடம்புச் சூடு குறையாமலிருக்க அவளை மார்போடு அணைத்து வைத்திருந்த மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டுக்கு வந்து பார்க்கும் சுகாதார நிலையத்து நர்ஸ், “அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும். நீங்க வெச்சுக்குங்கண்ணே, உங்க நெஞ்சுச் சூடும் அதே சூடுதான்” என்றாள்.

“நானா? நான் தும்மினாலே புள்ள பறந்துடுமேம்மா!”

நர்ஸ் சிரித்துக்கொண்டே குழந்தையை அவர் வெறும் மார்பில் சாய்த்துத் துணியால் கட்டினாள். தெருவே அதிரப் பேசுகிற மனிதர் அன்றிலிருந்து குசுகுசுவென்று பேசினார். கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மனைவிக்குக் குணமான பிறகும் பாதி நேரம் மகள் அவரிடம்தான் இருந்தாள்.

அடுத்த மாதம் சுகாதார நிலையத்தில் எடை பார்த்த நர்ஸ், “நல்லா தேறிட்டாண்ணே!” என்றாள். வரிசையில் இருந்த பெண்களிடம் அவர் மனைவி சொன்னாள்: “பால் குடுத்தது நான். ஆனா லோடு ஏத்துறவராச்சே, எடை ஏத்தினது அவருதான்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக் காட்ட அவருக்கும் ஆசைதான். ஆனால் மகள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள்.