பாலத்தடி மடு

வீரையனின் சட்டையில் மீன் வாடை அடித்தது. தூண்டில் சங்கத்துக்காரர்மேல் வேறென்ன வாடை அடிக்கும்? ஆனால் அன்று புதன்கிழமை. சங்கம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மடுவில் தூண்டில் போடும். பிடித்த மீனை அளந்து, குறித்துக்கொண்டு, திரும்ப விட்டுவிடும். ஹமீதா பானுவின் மனதில் அன்றுதான் அந்த உறுத்தல் விழுந்தது.

அந்தச் சங்கத்தை ஆரம்பித்ததே அவள்தான். பாபநாசம் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் டீச்சர். கோடையில் குடமுருட்டி ஆறு வற்றும்போது குட்டைகளில் சிக்கித் துடிக்கும் மீன்களை ஆள் சேர்த்து அள்ளிவந்து பாலத்தடி மடுவில் விடுவாள். கரண்டு வைத்து மீன் அடித்துக்கொண்டிருந்த வீரையனைப் பேசிப் பேசிச் சங்கத்துக்கு இழுத்து வந்தவளும் அவள்தான்.

போன வருடம் ஒரே காலையில் நாற்பது கெண்டை மாட்டிய மடுவில் இந்த வருடம் பதினொன்றுதான்.

"வீரையன் வெள்ளன சாக்கோட மூங்கில் கொல்லைக்குள்ள போறாருங்க டீச்சர். நானே பார்த்தேன்" என்றாள் சங்கச் செயலாளர் மாலதி.

மறுநாள் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் ஹமீதா பானு பாலத்துக்குப் போனாள். கீழே வீரையன் தனியாக நின்று சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ பலமாகத் துள்ளியது. அவள் கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டாள். "சாக்குல என்ன வீரையன் கொண்டுபோறீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களையும் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

"பழைய வேலைய ஆரம்பிச்சாச்சா?"

அவர் சங்கத் தொப்பியைக் கழற்றி மதகுக் கட்டையில் வைத்துவிட்டு நடந்தார்.

மூன்று வாரம் ஆகியும் மீன் கூடவில்லை, ஐந்தாகக் குறைந்தது. ஹமீதா பானு இப்போது எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். மாலதியின் டிபன் டப்பாவிலிருந்து வந்த குழம்பு வாசனைகூட அவளை உறுத்தியது. நாலாவது ஞாயிறு அவள் தூண்டிலே வெடுக்கென்று இழுபட்டது. கை வலிக்கக் கரைக்கு இழுத்தாள். முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக, தட்டையான அகலத் தலையும் எட்டு மீசையுமாக ஒன்று கிடந்து புரண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கவே கூடாதென்று அரசு தடை போட்ட மீன். வயிற்றைக் கீறினால், உள்ளே ஐந்து கெண்டைக் குஞ்சுகள் முழுசாக இருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன் நாட்டுக் கெளுத்தியான தேளி என்று நம்பி ஒரு பண்ணையிலிருந்து ஐந்நூறு குஞ்சு வாங்கி, போட்டோ எடுத்து, இதே மடுவில் அவள் தன் கையால் விட்டிருந்தாள்.

அப்படியே மீனோடு வீரையன் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்.

"சாக்குல இருந்தது இதுதானா?"

"ஆமாங்க. புடிச்சுப் புடிச்சு மூங்கில் கொல்லையில பொதைச்சேன். ரெண்டு மாசமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"குஞ்சு விட்ட அன்னிக்கே சொன்னேன், தலை ஒரு மாதிரி இருக்குன்னு. ஃபோட்டோவுக்கு நேரமாச்சுன்னீங்க. நீங்க விட்ட மீனுதான் எல்லாத்தையும் திங்குதுன்னு அத்தனை பேர் முன்னாடி எப்படிங்க சொல்றது? சங்கம் நிக்குமா?"

"மன்னிச்சுக்குங்க வீரையன்" என்றாள். அவர் வைக்கோலை உதறுவதை விடவில்லை.

அடுத்த ஞாயிறு சங்கத்தாரிடம் நடந்ததை ஒன்று விடாமல் தானே சொன்னாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மாலதி தரையைப் பார்த்தபடி இருந்தாள். வீரையன் வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம் வந்தார். அவள் பக்கம் பார்க்காமல் நேரே தண்ணீரில் இறங்கினார்.

"மண்புழுவுக்கு இந்தக் கெளுத்தி மசியாதுங்க" என்றார் மடுவைப் பார்த்தபடி. "கோழிக்குடல் வேணும்."

ஹமீதா பானு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனாள்.