முதுகில் வைத்த பட்டன்கள்

மார்ச் 6, வியாழன். ராணி அங்கிக்குக் காஜா எடுக்கும்போது பிளேடு வழுக்கி, ஓட்டை பட்டனைவிடப் பெரிதாகிவிட்டது. காரணம்: அவசரம். ஓரத்தில் மறுபடி நூல் சுற்றிச் சரிசெய்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும். யாரும் உற்றுப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

நாட்குறிப்பை மூடியதும் அவளுக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. அவசரம் மட்டும்தானா காரணம்? மறுபடி திறந்து, பக்கத்தில் 'கவனக்குறைவும்' என்று பொடி எழுத்தில் சேர்த்தாள். மாலை நேரத் தையல் வகுப்பில் அவளுக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர் வைத்ததில் தப்பே இல்லை. மற்றவர்கள் ஒருமுறை அளந்து வெட்டும் துணியை அவள் மூன்று முறை அளப்பாள். வெட்டிய பிறகு இன்னொரு முறை அளந்து வருத்தப்படுவாள்.

பகலில் அவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. பொறுப்பாளர் அம்மா ஒருநாள் காலி அலமாரி ஒன்றைத் திறந்து காட்டி, "தைக்கத்தான் கத்துக்கிறியே, பிள்ளைங்க வேஷம் போட்டு விளையாட இதை நிரப்பிக் கொடேன்" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அவளுக்கு வேஷமாகவே தெரிந்தது. வெளுத்துப்போன திரைச்சீலை ராணி அங்கியானது. கிழிந்த மழைக்கோட்டு தீயணைப்பு வீரரின் சட்டையானது. படுக்கை விரிப்பிலிருந்து இரண்டு டாக்டர் கோட்டுகள் வந்தன. மிச்சக் கம்பளி நூலையெல்லாம் கோத்து ஒரு சிங்கப் பிடரி செய்தாள். அதைத் தலையில் மாட்டி ஒத்திகை பார்த்தபோது வாசலில் நின்ற பால்காரர் பாக்கெட்டைத் தள்ளியே வைத்துவிட்டுப் போனார்.

அலமாரிக்குப் போகாத உருப்படி ஒன்றும் இருந்தது. காக்கித் துணியில் ஒரு சின்னக் கண்டக்டர் சட்டை, தோளில் மாட்டும் பை, கயிற்றில் ஒரு விசில். அது அக்கா மகளுக்கு.

அக்காவுக்கும் மாமாவுக்கும் ஷிப்ட் வேலை இருந்த காலத்தில், நடக்கப் பழகியதிலிருந்து பிள்ளை சித்தி இடுப்பில்தான் இருந்தாள். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் அவளுக்கு 'டமாரம்' என்று பெயர். சாப்பாட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ் தயார். சித்தியின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்து, முதுகைக் காட்டி நிற்பாள். "சீக்கிரம் பட்டன் போடு சித்தி, பஸ் கிளம்பணும்." பட்டன் போட்டு முடிக்கும் வரை அசையாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் டமாரம் வாய் மூடியிருக்கும் நேரம். அந்தச் சின்ன முதுகின் சூடு விரலில் படும்.

போன வருடம் மாமாவுக்கு மாற்றலாகி, மூவரும் தூர ஊருக்குப் போனார்கள். வண்டி கிளம்பும்போது டமாரம் ஜன்னல் வழியே, "சித்தி, நாளைக்கு வந்துடு" என்றாள்.

முதலில் தினமும் போனில் முகம் பார்த்துப் பேசினார்கள். பிறகு பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், புதுத் தோழிகள். இப்போதெல்லாம் டமாரம் திரையில் எட்டிப் பார்த்து, "ஹாய் சித்தி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். மாமாவோடு வேலை செய்பவர் ஒருவர் இந்த ஊருக்கு வந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். சட்டையை அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அதைப் போட்டதும் பிள்ளைக்கு நாற்காலி பஸ் ஞாபகம் வரவேண்டும், கூடவே சித்தியும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வகுப்பில் பக்கத்து மிஷினில் உட்காருபவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அக்கா. காக்கிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ளை எவ்வளவு உயரம்?"

அவள் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

"இது எப்போதைய உயரம்?"

"எனக்குத் தெரியும்க்கா."

"அதைத்தான் கேட்கிறேன், எப்போ தெரியும்? துணியை மூணு தரம் அளக்கிற, பிள்ளையை ஒரு தரம் அளக்கக் கூடாதா? உங்கக்காவுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சது."

"கேட்கலாம்" என்றாள். கேட்கவில்லை. அந்த உடம்பின் ஒவ்வொரு அளவும் அவளுக்கு மனப்பாடம். இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அலமாரி திறந்தது. பிள்ளைகள் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். ஆளுக்கொன்றை இழுத்து மாட்டிக்கொண்டு, நேராக அவளிடம் வந்து, ஒருவர் பின் ஒருவராக முதுகைக் காட்டி நின்றார்கள். பட்டன்கள் எல்லாம் பின்பக்கம்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு முதுகு முடிந்தால் அடுத்த முதுகு. விரலில் அதே சூடு. ஒரு வருடமாகக் காலியாகக் கிடந்த கைக்கு வேலை கிடைத்ததுபோல் இருந்தது. இது இப்படியே மதியம் வரை நீளக்கூடாதா என்று நினைத்தாள்.

வரிசையில் நின்ற டாக்டர் பையன் காலை மாற்றி மாற்றி நின்றான். அவன் முறை வந்து பட்டன் போட்டு அனுப்பினாள். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"கழட்டி விடுங்க மிஸ்."

"ஏன்டா கண்ணா, இப்பதானே போட்டே?"

"பேஷண்ட் செத்துட்டான் மிஸ். ரொம்ப நேரம் ஆயிடுச்சாம். இப்ப அவன் கட்டை அடுக்கப் போயிட்டான்."

பொறுப்பாளர் அம்மா சிரித்தார். தீயணைப்பு வீரர் வரிசையில் காத்திருந்ததில் வீடு எரிந்து சாம்பலாகியிருந்தது. ராணி பொறுமையிழந்து அங்கியைத் தரையில் போட்டுவிட்டு ஊஞ்சலுக்குப் போயிருந்தாள்.

"தையல் அழகா இருக்கு" என்றார் பொறுப்பாளர் அம்மா, அங்கியை எடுத்து உதறியபடி. "ஆனா எதுக்கும்மா எல்லாத்துக்கும் பின்னாடி பட்டன்? வேஷம்னா அதுங்களே போட்டு, அதுங்களே கழட்டிப் போடணும். இது உன்கிட்ட வந்து நிக்க வைக்குதே."

"வகுப்புல துணி வெட்டக் கொடுத்த மாதிரித்தாள்ல முன்பக்கம்தாம்மா இருந்தது" என்றாள் அவள் மெதுவாக. "நான்தான் மாத்தினேன்."

"ஏன்?"

முன்பக்கம் துணி மடிப்பில்லாமல் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றாள். அது பொய்யில்லை. முழுசாக உண்மையுமில்லை.

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் அக்காவுக்குப் போன் செய்தாள். டமாரம்தான் எடுத்தாள். பள்ளிக்கூடச் சட்டையோடு இருந்தாள். கழுத்து கொஞ்சம் நீண்டிருந்தது.

"ஹாய் சித்தி. அம்மா குளிக்கிறாங்க."

"இரு இரு, ஓடிடாதே. உனக்கு ஒண்ணு தைச்சிருக்கேன், பாரு." காக்கிச் சட்டையைத் திரைக்கு முன்னால் பிடித்தாள்.

டமாரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "போலீஸா?"

"கண்டக்டர்டி. நாற்காலி எல்லாம் போட்டு பஸ் விட்டோமே."

"ஓ." பிள்ளை யோசித்தாள். ஞாபகம் வந்ததா, வந்ததுபோல் காட்டினாளா, தெரியவில்லை. "பட்டன் எங்க சித்தி?"

அவள் சட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"பின்னாடியா? எனக்குக் கை எட்டாதே. இங்க யாரு போட்டு விடுவா?" குறையாகச் சொல்லவில்லை, கணக்குக் கேட்பதுபோல் கேட்டாள். பிறகு திரைக்கு மிக அருகே வந்து, தன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, மறுபடி மாட்டிக் காட்டினாள். நாக்கு நுனி உதட்டோரம் வெளியே வந்திருந்தது. "பாத்தியா? நானே போடுவேன். யாரும் தொட வேணாம்."

"எங்கே, இன்னொரு தரம் காட்டு" என்றாள் சித்தி.

டமாரம் இன்னொரு தரம் காட்டினாள். அந்த விரல்களை அவள் இமைக்காமல் பார்த்தாள். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, திரையில் வெறும் சுவர் தெரிந்தது. தூரத்தில் அந்தக் குரல் மட்டும், தெருக்கோடி வரை கேட்கும்படி, "வர்றேன்டி" என்று கத்தியது.

அவள் போனை வைத்துவிட்டுக் காக்கிச் சட்டையை மடியில் போட்டு, தோளை அளந்தாள். போன வருடத்துத் தோள். மறுபடி அளக்கவில்லை. நாட்குறிப்பை எடுத்தாள்.

மார்ச் 7, வெள்ளி. எல்லா வேஷங்களுக்கும் பட்டனை முதுகில் வைத்துவிட்டேன். காரணம்: எனக்கு வேண்டியிருந்தது.

நாளை: காலையில் முதல் வேலையாக அக்காவிடம் பிள்ளையின் தோள், கை, உயரம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இருக்கும் காக்கி போதாவிட்டால் கடைக்குப் போக வேண்டும். பட்டன் முன்பக்கம், பெரிய பட்டனாக. அலமாரித் துணிகளின் முதுகைத் தைத்து மூடி, முன்பக்கம் திறந்து, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை வைக்க வேண்டும். டாக்டர் கோட்டு முதலில்.