சேராத ரத்தம்

பிரஷர் பார்க்கிற பட்டை இறுகிக்கொண்டே போகிறது, ஊசி ஏறாத கையில், சதையைப் பிடித்துப் பிழிவதைப்போல, டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிற ஜெசிந்தா கண்ணை மூடிக்கொள்கிறாள், மூடினால் இந்த அறை போய்விடும், தூத்துக்குடியில் புருஷன் லூர்துராஜுடைய கம்பெனி கேன்டீன் வந்துவிடும், வருஷாவருஷம் அங்கேதான் ஊழியர்களுக்கு உடம்பு பார்ப்பார்கள், கிரேன் ஓட்டுகிற லூர்துராஜ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், எல்லாம் நார்மல் சார் என்கிறார்கள், அவன் முகம் மலர்கிறது, மலராமல் என்ன, ஒரு வருஷம் அவனுக்குச் சர்க்கரை லேசாகத் தலைகாட்டியதும் வீட்டுச் சமையலையே புரட்டிப் போட்டவள் அவள், உப்பைக் குறைத்தாள், அப்பளத்தை நிறுத்தினாள், அவன் ஒதுக்கிய ஊறுகாயையும் கருவாட்டையும் வீணாய்ப் போகுமே என்று அவளே தின்று தீர்த்தாள், துணைக்கு வந்தவளிடம், அக்கா நீங்களும் சும்மா கையக் குடுங்களேன் என்று நர்ஸ் பொண்ணு சிரிக்கிறாள், எனக்கென்னம்மா, நான் கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே நீட்டுகிறாள், அந்தப் பொண்ணின் சிரிப்பு நின்றுபோகிறது, மறுபடி காற்றடிக்கிறாள், பிரஷர் மேல இருநூறு, கீழ நூத்தி இருவது, தலை சுத்தலையாக்கா, இல்லையேம்மா, படியேறி வந்தேன்லா, அதான், அப்படி இல்லக்கா, மேல உள்ளது இருதயம் அமுக்கித் தள்ளுறப்ப இருக்கது, கீழ உள்ளது அது ஓயுறப்ப இருக்கது, ஒங்களுக்கு ஓயுறப்பவே இம்புட்டு இருக்கு, வலிக்காது, காட்டிக்குடுக்காது, உள்ளுக்குள்ள கிட்னியத் தின்னுரும், நாளைக்கே டாக்டரப் பாருங்க.

பார்த்தாள், மாத்திரையும் தின்றாள், பிறகு மகள் ஷைனிக்கு மாப்பிள்ளை அமைந்தது, புடவை எடுக்கவும் கோயிலில் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசிக்கவும் அலைந்ததில் மாத்திரை தீர்ந்துபோனது, வாங்கவில்லை, வலி இருந்தால் அல்லவா ஞாபகம் வரும், தலை சுற்றவில்லை, மயக்கம் வரவில்லை, கல்யாண வீட்டில் எல்லாரையும்விட அதிகமாக ஓடியவள் அவள்தான், ஷைனி ஷார்ஜாவுக்குப் போய், மாசமாக இருக்கிறேன் என்று சொன்ன சமயத்தில்தான் காலையில் முகம் வீங்கத் தொடங்கியது, சிறுநீர் நுரைத்தது, கிரியாட்டினின் ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கணும்மா, ஆறு தாண்டிருச்சு, ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு என்றார் டாக்டர், திரும்ப வராதா சார் என்று கேட்டது லூர்துராஜ்தான், டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார், வேற கிட்னி வச்சா நல்லாயிருப்பாங்க என்றார், நான் குடுக்கேன் சார் என்று அந்த இடத்திலேயே சொன்னான், அவள் மேஜைக்கடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒவ்வொரு சோதனையாக முடிந்தது, ரத்தம் ஒரே குரூப், பிரஷர் சரி, சர்க்கரை சரி, இந்த வயசுல இம்புட்டு சுத்தமான கிட்னிய நான் பாத்ததில்ல என்று டாக்டரே மெச்சினார், அவளுக்குச் சொல்ல முடியாத பெருமை, தன் அடுப்பில் வளர்த்த சிறுநீரகங்கள் அல்லவா.

கையெழுத்துப் போட வேண்டிய நாளில் அவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டான், வியர்த்திருந்தது, எனக்குப் பயமாயிருக்குட்டி, ராவெல்லாம் ஒறக்கம் வரல, அறுத்துட்டாங்கன்னா நான் பழையபடி கிரேன்ல ஏற முடியுமா, என்னமும் ஆயிட்டா யாரு இருக்கா நமக்கு, அவன் குழந்தையைப்போல அழுதான், அவள் தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், சரி, விடுங்க, வீட்டுக்குப் போவோம் என்றாள், வேறென்ன சொல்வது, கெஞ்சி வாங்குகிற பொருளா அது, கெஞ்சினால் கொடுத்துவிடுவானோ என்றும் பயமாக இருந்தது, பிறகு ஆயுசுக்கும் அவன் பயத்தைத் தன் வயிற்றுக்குள் சுமக்கவேண்டுமே, இப்போது பக்கத்துக் கட்டில்காரி கேட்கிறாள், ஏங்க்கா, அண்ணன் குடுக்கலையா, நல்ல திடமா இருக்காங்களே, லூர்துராஜ் கதவோரம் நிற்கிறான், தரையைப் பார்க்கிறான், ரத்தம் சேரலைங்க என்று ஜெசிந்தா சொல்லிவிடுகிறாள், யோசிக்காமல்தான் சொன்னாள், பக்கத்துக் கட்டில்காரி உச்சுக்கொட்டுகிறாள், பாவம், அவருக்கு எம்புட்டு வேதனையா இருக்கும் என்கிறாள்.

அவன் வெளியே போகிறான், கதவு சரியாகச் சாத்தவில்லை, மகளிடம் போனில் பேசுவது கேட்கிறது, அப்பா குடுக்கத்தாம்மா போனேன், ரத்தம் சேரலைன்னுட்டாங்க, என்னம்மா செய்ய, குரல் உடைகிறது, அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிகிறது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா, அவன் அதை நம்பிவிட்டான், உள்ளே வந்து போனை அவள் காதில் வைக்கிறான், கண்கள் சிவந்திருக்கின்றன, அம்மா, அப்பா அழுவுறாங்க, நீங்கதான் தேத்தணும் என்கிறாள் ஷைனி, சேரலைன்னா அப்பா என்ன செய்வாங்க, சொல்லுங்கம்மா, ஜெசிந்தா அவன் முகத்தைப் பார்க்கிறாள், அவனும் பதிலுக்காகக் காத்திருக்கிறான், ஆமாம்மா, சேரலை, அப்பா என்ன செய்வாங்க.