சூட்டுப்பெட்டியில் மிளகாய்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், மூன்று தடவையும் அந்த இடத்தை மட்டும் சாமர்த்தியமாகத் தாண்டிப் போயிருந்தேன்.

கடல் தாண்டி, யேச்சொன் என்ற ஊரில், ஒரு வில் பட்டறையில் போன் எடுப்பது என் வேலை. முதலாளி பியோன் எருமைக்கொம்பையும் மூங்கிலையும் மாட்டு நரம்பையும் மீன் பசையால் ஒட்டி வில் செய்வார். வாங்கிப் போனவர் வீட்டில் அந்த வில் மக்கர் பண்ணினால் அழைப்பு எனக்கு வரும். "வலது பக்கம் சாயுதும்மா." "நாண் நழுவுது." "மழையில நனைஞ்சிடுச்சு, தலை காய வைக்கிற மெஷினைக் காட்டலாமா?" (காட்டாதீர்கள்.) பதினோரு வருஷமாக இதே பேச்சு. நான் இன்றுவரை ஒரு அம்பு விட்டதில்லை.

இதைத் தமிழில் எழுதுவது பாஷைப்பற்றால் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊரில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால்தான். கோழைத்தனத்துக்கு இவ்வளவு வசதியான பாஷை எனக்கு வேறு கிடைக்காது.

2

முதல் தொடக்கம்: "மனித குலத்தின் மிகப் பழைய துணைகளில் ஒன்றான வில், தன் வளைவுக்குள் ஆயிரமாயிரம் ஆண்டுகளின்—"

[போதும். முதலாளியிடம் இதைச் சொன்னால் "அதெல்லாம் இருக்கட்டும், பசை சூடாயிடுச்சா பாரு" என்பார்.]

இரண்டாம் தொடக்கம்: "மா சாங்தே ஒரு முட்டாள்."

இது நன்றாக ஓடியது. இரண்டு பக்கம் மளமளவென்று வந்தது. பிறகு அந்த மனிதரின் குரல் நினைவுக்கு வந்து, எழுதியதை அடித்துவிட்டேன். முட்டாளென்று யாரையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆள் வேறு.

மூன்றாம் தொடக்கம்: "ஆகஸ்டில் ஒன்பது நாள் மழை விடவில்லை." இது இருக்கட்டும். இதில் யார் மேலும் பழி இல்லை.

3

ஆகஸ்டில் ஒன்பது நாள் மழை விடவில்லை. கொம்பு வில்லுக்கு ஈரம் ஆகாது. பசை இளகும், வில் சோர்ந்துவிடும். அதனால் வில் வைத்திருக்கிற வீடுகளில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே ஒரு சின்ன பல்பு, இரவும் பகலும் கதகதப்பு. (இதற்குத் தமிழில் பேர் கிடையாது. "சூட்டுப்பெட்டி" என்று நானே வைத்துக்கொண்டேன். நல்ல பேர் தெரிந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.)

எங்களிடம் வில் வாங்கிய தாக் இன்சுக் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் வேறொரு ஊர், முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். வில்லில் நாலாம் படி. ஐந்தாம் படிக்குக் கொம்பு வில்லும் மூங்கில் அம்பும்தான் அனுமதி. நாற்பத்தைந்து அம்பில் முப்பத்தொன்று படவேண்டும். அக்கா மூன்று முறை தேர்வுக்குப் போய்விட்டு வந்தார்: இருபத்தெட்டு, முப்பது, முப்பது. இரண்டாவது முப்பதுக்குப் பிறகு என்னிடம் போனில், "தங்கச்சி, இன்னொரு முப்பது வந்துச்சுன்னா வில்லை வித்துட்டு கோல்ஃப் ஆடப் போயிடுவேன்" என்றார். கோல்ஃப் என்றால் அவருக்கு அருவருப்பு.

அவர் கணவர்தான் மா சாங்தே. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரும் வில்லாளர்தான், ஆனால் சுமார். அவருடைய உயிர் இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மிளகாய்ச் செடியில்.

மழை தொடங்கிய அஞ்சாம் நாள் அக்கா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் தனியாக இருந்த மா சாங்தே எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, பெட்டியில முப்பத்திரெண்டு டிகிரி காட்டுது. சரிதானா?"

"சரிதான் ஐயா."

"ராப்பகலா இப்படியே ஓடணுமா?"

"மழை நிக்கிற வரைக்கும் ஓடணும்."

"அப்ப உள்ள எதை வெச்சாலும் காஞ்சிடும்னு சொல்லுங்க."

[இந்த இடம்தான். மூன்று பிரதியிலும் இங்கே "நன்றி சொல்லி வைத்துவிட்டார்" என்று எழுதியிருந்தேன்.]

"உங்க சாக்ஸை வெச்சாக்கூட காஞ்சிடும்" என்றேன்.

சிரித்தார். "மிளகாயும் காயுமா?"

"மொறுமொறுன்னு காயும் ஐயா."

சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த அழைப்பு காத்திருந்தது.

நான் சாத்தூர்க்காரி. களத்தில் மிளகாய் காய்வதைப் பார்த்து வளர்ந்தவள். ஈர மிளகாய்ப்பழம் காய்கிறது என்றால் அந்தத் தண்ணீர் எங்கேயோ போகிறது என்றுதானே அர்த்தம்? மூடின பெட்டிக்குள் போட்டால் பக்கத்தில் இருப்பது குடிக்கும். இது தெரியாமல் ஒருத்தி சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

4

மூன்று நாள், இரண்டு தட்டு மிளகாய் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வில் ஆற அமரக் குடித்தது. அக்கா திரும்புவதற்கு முன்னால் மனிதர் மிளகாயை எடுத்துப் பையில் கட்டி, பெட்டியைத் துடைத்து, பெருமையாக உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை அக்கா வில்லை அடுப்பில் காட்டி, காலால் அழுத்தி, நாண் ஏற்றினார். பாதி வளைந்ததும் வில் அப்படியே புரண்டு மறுபக்கம் திரும்பியது. பிடிக்குப் பக்கத்தில் கொம்பு விரற்கடை அளவுக்குப் பிரிந்துவிட்டது. அடுத்த தேர்வுக்குப் பதினாறு நாள் இருந்தது.

எனக்குப் போன் வந்தபோது அவர் அழவில்லை. "நாண் மாட்டுற எடத்துல ஒரு மிளகா விதை ஒட்டிக்கிட்டு இருக்கு தங்கச்சி" என்றார். "இது எப்படி இங்க வந்துச்சுன்னு நீ சொல்லு."

நான் சொல்லவில்லை. "வில்லை எடுத்துட்டு வாங்க அக்கா" என்றேன்.

அன்று மாலை அவர் வந்தார். முதலாளி வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, ஒரு தும்மல் போட்டார்.

"பதினாறு நாள் பத்தாது" என்றார்.

"பத்த வைங்க" என்றார் அக்கா.

"ஒட்டிக் காயவே ஒன்பது நாள். அப்புறம் தெனமும் ரெண்டு பேர் உக்காந்து சூடு காட்டி, ஏத்தி எறக்கிப் பழக்கணும். வீட்ல ஆள் இருக்கா?"

"ஒரு ஆள் இருக்கு" என்றார். "பேசுறதில்ல."

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மா சாங்தே பாத்திரத்தை நீங்கள் நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. விதையைப் பார்த்த அன்று அக்கா "யார் சொன்னது உங்களுக்கு?" என்று எத்தனை தடவை கேட்டும், "எனக்கே தோணிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாராம். கதையில் இப்படி ஓர் ஆள் வந்தால் ஆசிரியர் தன் வசதிக்குச் செய்தது என்பீர்கள். "பட்டறைக்காரப் பெண் சொன்னாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதித் திட்டு எனக்கு வந்திருக்கும், அவர் வயிறாரச் சாப்பிட்டிருப்பார். ஏன் சொல்லவில்லை?

என்னைக் காப்பாற்றவா? சொன்னால் என் வேலை போகும் என்று பயந்தாரா? பஸ் ஓட்டியவர்களுக்கு ஸ்டியரிங் யார் கையில் இருந்தது என்பது மட்டும்தான் கணக்கோ? ஒரு காரணம் கற்பித்து எழுதினால் பாத்திரம் நிமிர்ந்து நிற்கும். எனக்குக் காரணம் தெரியாது. நிமிராமலே இருக்கட்டும்.

6

பத்தாம் நாள் ஒட்டின வில்லை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கூரியரில் போட முதலாளிக்கு மனசு வரவில்லை.

அவர்கள் ஊர் வில் திடலில் அன்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அக்கா இரவல் வில்லோடு பழகிக்கொண்டிருந்தார். எங்கள் திடல்களில் ஒரு வழக்கம். அன்றைய முதல் அம்பை விடுமுன் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் "வில் கத்துக்கிறேன்" என்று சொல்லித்தான் விட வேண்டும். கூட நிற்கிறவர்கள் "நிறைய படட்டும்" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்க முடியாது, அது மரியாதைக்கேடு.

அக்கா கோட்டில் நின்று, யாரையும் பார்க்காமல், "வில் கத்துக்கிறேன்" என்றார்.

"நிறைய படட்டும்" என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். மா சாங்தே மட்டும் வயிற்றிலிருந்து கத்தினார். பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு, "மெதுவா, ஐயா, நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர் தள்ளி இருக்கிற இலக்குக்கே கேட்டுடுச்சு" என்றார்.

அந்த ஒன்பது நாளில் அவர்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இதுதான். தினமும் ஒரு தடவை. அதற்காகவே அந்த மனிதர் ஒரு நாள் விடாமல் திடலுக்கு வந்தாராம். அப்போதும் நான் சொல்லவில்லை.

7

வில் பழக்கும் ஆறு நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் வீட்டிலிருந்து போன் வரும். ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஒரே அறையில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் இருவரும். நடுவில் நான்.

"தங்கச்சி, மா ஜொப்ஜாங்கிட்ட இடது பக்கத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லு."

(ஜொப்ஜாங் என்பது ஐந்துக்கு ஐந்து அடித்தவர்களுக்கு இங்கே கொடுக்கிற மரியாதைப் பட்டம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த புருஷனை வீட்டுக்குள் அப்படிக் கூப்பிடுவதைவிடச் செருப்பால் அடித்துவிடலாம்.)

"ஐயா, இடது பக்கத்தை அழுத்திப் பிடிப்பீங்களாம்."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லும்மா."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்காராம் அக்கா."

"காது கேக்குது."

"கேக்குதாம் ஐயா."

முதலாளி பக்கத்து மேஜையிலிருந்து தலையில் அடித்துக்கொள்வார். வில் பராமரிப்புக்கு வைத்த போனில் நான் குடும்பம் பராமரித்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. இருவருக்கும் நான் வேண்டியிருந்தது. என்னால் வந்த சண்டைக்கு நானே தூது என்பதைத் தினமும் நாலு மணி முதல் நாலரை வரை மறந்திருக்க முடிந்தது.

8

ஆறாம் நாள். மறுநாள் தேர்வு.

வில்லுக்குச் சூடு ஏறியது. நாண் மாட்டுகிற அந்த ஒரு நொடியில் நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். 'டப்' என்று ஒரு சத்தம்.

"ஏறிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார் மா சாங்தே.

"பாத்தேன்னு சொல்லு" என்றார் அக்கா.

வில் சரியாகிவிட்டது. இனி நான் சொல்லாமலே இருந்துவிடலாம். நாளை அக்கா ஜெயித்தால் எல்லாம் தானாக ஆறிவிடும்— இப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். உண்மையில் அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. வாய் திறந்துவிட்டது.

"அக்கா, மிளகா காயும்னு சொன்னது நான்தான். அவர் என்கிட்ட கேட்டார். மொறுமொறுன்னு காயும்னு நான் சொன்னேன்."

இதற்கும் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அக்கா சிரித்துவிடுகிறார். (இரண்டு முப்பதுகளைத் தாங்கிய மனுஷி அவ்வளவு லேசில் சிரிப்பாரா?)

முடிவு இரண்டு: அக்கா போனை வைத்துவிடுகிறார், பிறகு கூப்பிடுவதே இல்லை. (இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.)

நடந்தது இது:

"ஏங்க" என்றார் அக்கா. என்னிடம் இல்லை. "நான் உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன், யார் சொன்னதுன்னு?"

"கேட்ட."

"உங்களுக்கே தோணிச்சுன்னீங்க."

"தோணவும் செஞ்சுது. அந்தப் பொண்ணு வெளையாட்டாச் சொல்லிச்சு. தட்டை உள்ள வெச்சது என் கை."

"பதினஞ்சு நாளா வாயைத் தொறக்கல."

"பேசாதேன்னு நீதான சொன்ன."

"சொன்னா? சொன்னா அப்படியே இருந்துடுவீங்களா? மத்ததெல்லாம் சொன்னதைக் கேட்டு நடக்கிற மாதிரி."

"நீ தனியா உக்காந்து சாப்பிட்டப்ப எனக்குச் சோறு எறங்கல இன்சுக்."

"எனக்கு மட்டும் எறங்குச்சா?"

அதற்கப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மிளகாய், தங்கை வீடு, எப்போதோ மறந்துபோன ஒரு பிறந்தநாள், எல்லாம் வந்தது. யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்தான் பெரும்பாலும்.

ரொம்ப நேரம் கழித்து அக்காவின் குரல் பக்கத்தில் வந்தது. "தங்கச்சி. இன்னும் இருக்கியா?"

"இருக்கேன் அக்கா."

"வை. இப்ப எனக்கு உன்கிட்ட பேசத் தெரியல."

வைத்துவிட்டேன்.

9

இன்று தேர்வு. காலையிலிருந்து பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை இல்லை, நல்ல வெயில், போன் இரண்டு தடவைதான் அடித்தது. இரண்டும் வேறு ஆட்கள்.

ஒரு கதைக்காரியாக என் கையில் எல்லாம் இருக்கிறது. "முப்பத்தொன்று" என்று எழுதலாம். எழுதியும் பார்த்தேன்: "நாற்பத்தைந்தாவது அம்பு இலக்கில் பட்ட சத்தம் இங்கே வரை கேட்டது. முப்பத்தொன்று." எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? பிறகு அடித்துவிட்டேன். யோசிக்காமல் ஒன்றைக் கேட்பதற்கு இனிமையாகச் சொல்லி ஒரு வில்லைப் பிளந்தவள் நான். இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன், கதையில்கூட.

இப்போது மணி ஐந்து. முடிந்திருக்கும். முதலாளி நேராக வந்து, "என்ன, கூப்பிடலையா அந்த அம்மா?" என்றார். இல்லை என்றேன். "நீ கூப்பிடேன்" என்று சொல்லிவிட்டுப் பசைப் பக்கம் போய்விட்டார்.

பதினோரு வருஷத்தில் இந்தப் போனில் நானாக ஒருவரையும் கூப்பிட்டதில்லை. வந்ததை எடுப்பதுதான் என் பிழைப்பு. இதோ, நம்பரை அழுத்திவிட்டேன். மணி போகிறது. அக்கா எடுத்தால் ஒரு கேள்விதான் கேட்கக் கிடைக்கும், அதற்கு மேல் அவர் வைத்துவிடலாம். எத்தனை பட்டது என்று கேட்கவா? என்மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்கவா? எதைக் கேட்டாலும், கேட்காமல் விட்டதுதான் எனக்கு முக்கியம் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தீர்களே, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், எடுத்துவிட்டார்.