சுடாத வெயில்

மகளைத் திரும்பக் கூட்டிப்போகத்தான் வெற்றிவேல் வெள்ளிமலைக்கு வந்திருந்தான். மனைவி கலையரசி செத்து நாற்பது நாள். சாவுக்கு வந்த மாமனார் சடையன், இரண்டு வயது எழில்மதியைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்தான். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

வாசலில் குந்தியிருந்தவர் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"எம்பொண்ணு எப்டி செத்தா? அத்த சொல்லிட்டு புள்ளய இட்டுகினு போ."

"வெயில்தாங்க மாமா."

"வெயிலா?" சடையன் சிரித்தார். "மலை வெயிலு முதுகுத் தோல உரிச்சிடும். அதுல பொறந்து வளந்தவ உங்க ஊரு வெயில்லயா சாவா?"

"உங்கம்மா சோத்துல எதையோ கலந்துட்டாளாம். ஊரே பேசுது," என்றாள் மாமியார் பச்சையம்மாள், உள்ளேயிருந்து.

அம்மா மேல் விழுந்த பழி போக வேண்டும். பிள்ளையும் வேண்டும். வெற்றிவேல் பி.எஸ்சி. இயற்பியல். படித்ததைச் சொன்னான்.

"இங்க காத்து லேசு மாமா, வானம் தெளிவு. வெயில் நேரா வந்து தோல்ல கடிக்கும். ஆனா காத்துல சூடு தங்காது. நெழலுக்குப் போனா குளிரும். கீழ அப்டியில்ல. அன்னிக்கி சித்திரை எட்டு. சூரியன் நேர் உச்சியில. கம்ப நட்டா நெழல் வுழாது. ஆனா வானம் பூரா மூட்டம். வெளிச்சம் மங்கலு, தோல்ல சுடாது. சூடு மட்டும் மூடி போட்ட பானையாட்டம் உள்ளயே நிக்கும். வேர்வ காயாது. அவ வேல செஞ்ச கரும்புக் கொல்லைக்குள்ள காத்தும் கெடையாது. கூட நின்னு காஞ்ச சோகை உரிச்சவங்க பதினோரு மணிக்கே வெளிய வந்துட்டாங்க. இவதான், 'இதெல்லாம் ஒரு வெயிலா, எங்கூர்ல வந்து பாருங்கடி'ன்னு உள்ளயே நின்னுட்டா."

சடையன் மனைவி பக்கம் திரும்பினார்.

"மெய்தான்டி. சந்தைக்கு எறங்குனா எனக்கும் அப்டித்தான். சுடாது, மூச்சு முட்டும்."

வெற்றிவேல் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினான்.

"நில்லு மாப்ள. இதெல்லாம் உனக்கு எப்பத் தெரியும்?"

"காலேஜ்ல படிச்சதுங்க."

"கண்ணாலத்துக்கு முன்னயே?"

"ஆமாங்க."

"அன்னிக்கி அவ வேலைக்கிக் கெளம்பறப்ப வூட்லதான இருந்த?"

"இருந்தேன்." மத்தியானம் நாற்பது டிகிரி போகும் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் சொன்னான். எதற்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அவகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. சுவர் ஓரம் காலை மடக்கி சோறு கட்டிக்கொண்டிருந்தவளிடம் இயற்பியல் பேசத் தோன்றவில்லை.

"உங்கம்மா வெசம் வெச்சிருந்தாக்கூட அவ மேல ஒரு கோவம்னு நெனச்சிக்குவேன்," என்றார் சடையன். "நீ சும்மா இருந்திருக்க. புள்ளய உங்கிட்ட குடுத்தா அதுக்கு மட்டும் எத்த சொல்லுவ?"

பச்சையம்மாள் எழில்மதியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அவன் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டான்.

பஸ் வளைவு வளைவாக இறங்க இறங்கக் காற்று கனத்தது. அடிவாரத்தில் அம்மாவின் போன் வந்தது.

"புள்ள எங்கடா? இன்னா சொன்னாங்க?"

"உம்மேல குத்தம் இல்லன்னு ஒத்துக்கினாங்கம்மா," என்றான்.