சொல் பிடித்தவள்

தீப்பெட்டி ஆபீஸில் ரேடியோ ரிப்பேராகிப்போன வருஷத்தில்தான் செண்பகவல்லி வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தாள். அதுவரை அவள் படிப்பதெல்லாம் மனசுக்குள்தான். ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோரம், மத்தியானம் தூக்குச்சட்டியைக் கழுவி வைத்த பிறகு வேப்பமரத்தடியில், இப்படிக் கிடைத்த இடத்தில் கிடைத்த நேரத்தில் படிப்பாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகம் விற்பவரிடம் எடை போட்டு வாங்கியது போல வாங்கி வந்த மொழிபெயர்ப்பு நாவல்கள். ரஷ்யா, பிரான்ஸ் என்று எங்கெங்கோ நடக்கிற கதைகள்.

பத்திரகாளிதான் கேட்டாள். இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்போடு ஒன்றாக நின்றவர்கள். ஆபீஸிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து, மரச்சட்டத்தில் வரிசை வரிசையாகத் தீக்குச்சி அடுக்குவார்கள். காளியின் விரல்கள் குச்சியைப் பார்க்காமலே அடுக்கும்.

"நீ சத்தமாப் படிட்டி. ஒன் சட்டத்தையும் சேத்து நான் அடுக்குதேன்."

"கணக்கப்பிள்ளை வஞ்சா?"

கணக்கப்பிள்ளை தவசி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "சட்டம் நெறைஞ்சு வந்தாச் சரி. வாயி என்ன செஞ்சா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித் தொடங்கியது ஒரு ரஷ்ய நாவல். தலையணை மொத்தத்தில் இருந்தது. ஊரெல்லாம் பனி மூடிக் கிடக்கும். குதிரை வண்டியில் ஒரு டாக்டர் வருவார். பெரிய வீட்டில் ஒரு விதவை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே மாசி வெயிலிலேயே கரிசல் காடு வாய் பிளந்து கிடக்க, உள்ளே இவள் பனிப்புயலை வாசித்துக்கொண்டிருப்பாள்.

"'அவர்கள் கணப்பின் அருகே அமர்ந்தனர்.'"

"கணப்புன்னா என்னட்டி?"

"தெரியல. எல்லாரும் அங்கன போய்க் கையை நீட்டுதாவ."

"பந்தியா இருக்கும். சோத்துக்குத்தான் நீட்டுவாவ."

அகராதி எதுவும் அவர்களிடம் கிடையாது. சொல் புரியாவிட்டால் அது மறுபடி வருகிறவரைக்கும் காத்திருப்பார்கள். கணப்பு மறுநாள் வந்தது. வேலைக்காரன் அதில் விறகை எடுத்துப் போட்டான்.

"தீ போட்டு வச்சிருக்கிற இடம்ட்டி! குளிருக்கு!" என்று செண்பகவல்லி கத்தினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தார் ரோட்டு அனல் முகத்தில் அடித்தது. "இந்தா, நம்ம ஊர்க் கணப்பு" என்றாள் காளி. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று பிறந்ததுதான் அந்த விளையாட்டு. புதுச் சொல்லை யார் முதலில் நிஜமான ஒரு காரியத்தில், பொருத்தமான இடத்தில் சொல்கிறாளோ அவள் அந்தச் சொல்லைப் பிடித்தவள். அதன்பிறகு அது அவளுடையது. மற்றவள் அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாளி வீட்டம்மா காரிலிருந்து இறங்கி முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குச்சிக் குவியலைத் தாண்டியபோது, "சீமாட்டி" என்று மெல்லச் சொல்லி அந்தச் சொல்லைக் காளி பிடித்தாள். காளியின் அம்மா வள்ளித்தாய், வளர்த்த கிடாயை வியாபாரியிடம் கொடுத்த அன்று அது திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே போனது. "பிரியாவிடை" என்றாள் செண்பகவல்லி.

"என்னட்டி சொல்லுதா இவ?" என்றாள் வள்ளித்தாய். "கெடாய வித்தா வித்தேன்னு சொல்ல மாட்டியளோ? ஒங்க ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு எவம் மாரடிக்கப் போறானோ தெரியல."

அப்படிச் சொன்னாலும், கம்மங்கூழைக் கலக்கி இருவர் முன்னாலும் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். "அத விடு. அந்த டாக்டரு அந்தப் பொம்பளையக் கட்டுனானா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல."

"இன்னும் அந்த எடம் வரல அத்தே."

"பெறகு என்னத்தடி இத்தன நாளாப் படிக்கிய?"

இருவரும் தொடாமல் விட்ட சொல் ஒன்றே ஒன்றுதான். விதவையின் குழந்தை காய்ச்சலில் இறந்துபோகிற அத்தியாயத்தில் அது வந்தது. டாக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொல்வார்: "உங்கள் ஆற்றொணாத் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்." விதவை தலை நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான், யாரும் கத்த மாட்டார்கள். வெளியே பனி பெய்துகொண்டிருக்கும்.

"ஆத்த முடியாததுன்னு அர்த்தம்" என்றாள் செண்பகவல்லி.

காளி கை ஓய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இதப் பிடிக்க வேண்டாம்ட்டி. இது கெடக்கட்டும்."

சரியென்றுதான் செண்பகவல்லியும் சொன்னாள். ஆனால் அந்த வாக்கியம் அவளை விடவில்லை. கோலம் போடும்போதும் தலை பின்னும்போதும் வாய்க்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. தங்கள் ஊரில் சாவு விழுந்தால் பெண்கள் மாரில் அடித்துக்கொள்வதையும், வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு குரலெடுப்பதையும் நினைத்து, அந்த டாக்டர் நின்ற மாதிரி நிற்க நமக்கெல்லாம் எப்போது தெரியும் என்று யோசிப்பாள்.

கழுகுமலையில் பங்குனி உத்திரத்துக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள் அவள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்காரர் சொன்னார். வள்ளித்தாய் முந்தின நாள் மிளகாய்ச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், எழுந்திருக்கவேயில்லை. உடலைச் சுடுகாடு சேர்த்தாயிற்று. "அந்தப் பிள்ள பத்திரகாளி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி விடல தாயி. கல்லு மாதிரி உக்காந்திருக்கா. நீ போனாத்தான் எதும் ஆகும்."

வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, முகம் கழுவி, சாவு வீட்டில் துட்டி கேட்கக் கிளம்பினாள். துட்டி வீட்டுக்குப் போகிற பெண்கள் தெருமுனையிலிருந்தே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, வாசலில் ஏறும்போது குரலெடுப்பார்கள். உள்ளே இருப்பவள் எழுந்து வந்து கட்டிக்கொள்வாள். இரண்டு பேரும் தோளில் தோள் சாய்த்து ஒருபாட்டம் அழுவார்கள். செண்பகவல்லிக்குத் தெரியாத முறை இல்லை. ஆனால் அவளுக்கு அழுகை வரவில்லை. கம்மங்கூழ்ச் சட்டியோடு குனிந்து சிரித்த வள்ளித்தாயின் முகம்தான் வந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிக் குரலெடுப்பது? அழாமல் போய் நின்றால் என்ன செய்வது? பயந்துபோய், கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்கிறவள் மாதிரி அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். நடக்க நடக்க அது இன்னும் சரியாகத் தோன்றியது. காளிக்குப் புரியும். இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் புரியும்.

வாசலில் ஏறினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மூலையிலிருந்து காளி எழுந்தாள். காலையிலிருந்து யாருக்காகவும் எழுந்திருக்காதவள் எழுந்ததைப் பார்த்து ஒருத்தி அடுத்தவளின் தொடையைத் தட்டினாள். காளி இரண்டு எட்டு வைத்து வந்தாள். கைகள் லேசாக விரிந்திருந்தன.

செண்பகவல்லி நின்ற இடத்திலேயே நின்றாள். கைகளைக் கோத்துக்கொண்டாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"காளி… ஒன் ஆற்றொணாத் துயரத்துல நானும் பங்குகொள்ளுதேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள்: "என்னட்டி சொல்லுதா? மைக்ல பேசுதவ மாதிரி?"

விரிந்திருந்த காளியின் கைகள் கீழே இறங்கின. அவள் செண்பகவல்லியின் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அதையும் பிடிச்சிட்ட, இல்ல?"

"இல்லட்டி, நான் அதுக்கு…"

அந்தச் சொல் வாயிலிருந்து தடுக்காமல் முழுசாக வெளியே வந்த கணத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு சந்தோஷம் உள்ளே ஓடியதை அவள் உணர்ந்திருந்தாள். அதைக் காளியும் பார்த்துவிட்டாளோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

காளி போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் எட்டயபுரத்திலிருந்து தூரத்து உறவுக்காரி சுடலையம்மாள் வந்தாள். நல்லது கெட்டதுக்கு மட்டும் தலை காட்டுகிறவள். வாசலிலேயே "ஏ மதினி, என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று குரலெடுத்துக்கொண்டு வந்து காளியை வாரி இழுத்தாள். காளி அந்தத் தோளில் விழுந்து உடைந்தாள். அப்படி ஒரு அழுகையை அந்தத் தெரு கேட்டதில்லை. சுவரோரம் நின்று செண்பகவல்லி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தனக்காக வைத்திருந்த அழுகை என்று அவளுக்குத் தெரிந்தது.

துட்டி ஒரு தடவைதான் கேட்க முடியும். மறுபடி போய்க் கட்டிக்கொண்டு அழ முடியாது. இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி என்பார்கள். கருமாதியன்று விளக்கேற்றிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் அழுகைச் சத்தமே கேட்கக் கூடாது. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டுமென்று செண்பகவல்லி தினமும் அந்த வாசலைக் கடந்தாள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெண்கள் உள்ளே இருந்தார்கள். கருமாதியும் முடிந்தது.

காளி வேலைக்கு வந்தபோது சுவரோரத்து வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். சண்டையெல்லாம் இல்லை. "தண்ணி இருக்கா?" என்றால் கொடுப்பாள். "பஸ் வந்துட்டா?" என்றால் "வந்துட்டு" என்பாள். "என்ன, ரெண்டு பேருக்கும் வாயி வலிக்குதா?" என்று தவசி ஒருநாள் கேட்டபோது இரண்டு பேருமே குனிந்து குச்சி அடுக்கினார்கள். நாவலில் டாக்டர் கடைசியில் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போகிறார். அதைச் செண்பகவல்லி வீட்டில் தனியாகப் படித்துத் தெரிந்துகொண்டாள். வள்ளித்தாய் கேட்ட கேள்விக்குப் பதில் கையில் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை.

தாய் செத்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் தள்ளிப்போகும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். கடம்பூரில் போளிக் கடை வைத்திருந்த மாயகிருஷ்ணன் என்பவர் வந்து காளியைப் பெண் பார்த்தார். தை மாதம் நாள் குறித்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பிற்பகல், பெண்கள் எல்லாரும் வாசலில் பந்தல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், செண்பகவல்லி உள்ளே போனாள்.

காளி பாயில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் மருதாணி அப்பியிருந்தது. எதையும் தொட முடியாமல் கைகளை முன்னால் நீட்டி வைத்திருந்தாள்.

"வா" என்றாள்.

செண்பகவல்லி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வரும் வழியில் எதையும் யோசித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தே வந்திருந்தாள்.

"காளி, அன்னைக்கு எனக்கு அழுக வரல. பயமா இருந்துச்சு. அதான் அதப் போய்ச் சொன்னேன்."

காளி கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலன்னா வரலன்னு சொல்லியிருக்கலாம்லா" என்றாள் பிறகு. "எனக்கும் வராமத்தான உக்காந்திருந்தேன். செம்பகம் வரட்டும், வந்தா வந்துரும்னு எல்லாத்துட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இத்தனை மாதமும் எங்கேயோ போயிருந்த அழுகை செண்பகவல்லிக்கு அப்போது வந்தது. வள்ளித்தாய்க்கா, காளிக்கா, தனக்கேயா என்று பிரிக்க முடியாமல் பொத்துக்கொண்டு வந்தது.

காளி பதறிப்போய் வாசலைப் பார்த்தாள். "ஏட்டி, ஏட்டி, இப்ப அழாத. கல்யாண வீடு. பாத்தாவன்னா என்ன சொல்லுவாவ?"

செண்பகவல்லி தாவணியை வாயில் அமுக்கிக்கொண்டாள். அழுகையை உள்ளே தள்ளினாள். அது போக மாட்டேன் என்றது, மறுபடியும் தள்ளினாள். காளியின் கண்ணிலும் ஏதோ மினுங்கியது. ஆனால் அவளால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியாது. அண்ணாந்து கூரையைப் பார்த்துச் சமாளித்தாள். அண்ணாந்ததில் முன்நெற்றி முடி சரிந்து கண்ணில் விழுந்தது.

"முடிய ஒதுக்கி விடு" என்றாள். "கண்ணக் குத்துது."

செண்பகவல்லி அதை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினாள். விரலை உடனே எடுக்கவில்லை. காளியும் தலையை நகர்த்தவில்லை.

"பத்திரகாளி! மாப்பிள்ள வீட்டுக்காரவிய வந்துட்டாவ!" என்று வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"வாரேன்" என்றாள் காளி. கைகளை ஊன்ற முடியாமல் எழத் தடுமாறினாள். செண்பகவல்லி அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.