இருபதும் தவறு

"இது என்ன மாதம்?" என்று கேட்டதும் ஓய்வுபெற்ற தபால்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மாதம், கிழமை, தேதி, கட்டடத்துக்கு எத்தனை மாடி என்பது வரை நீல மையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "இவ்வளவு சிரத்தையா வந்தவனுக்கு மார்க் கிடையாதா டாக்டரம்மா?" என்றார்.

எனக்குச் சிரிக்க அனுமதி இல்லை. மறதி நோய் ஆராய்ச்சிக்குத் தாமாகவே முன்வருகிறவர்களிடம் கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். சரியா தவறா என்று சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. மூன்று வருடமாக இதே முகத்தோடு, ஜன்னல் இல்லாத இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு கோப்புகளை அடுக்கி வைத்திருந்த இடம். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். திறந்து வைத்தால் வெளியே காத்திருப்பவர்கள் கேள்விகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனாலும் முகம் மாறுவதில்லை. "உன் மூஞ்சியப் பாத்தா நான் பாஸா பெயிலான்னே தெரியல" என்கிறார் என் கணவர்.

தபால்காரருக்கு அடுத்து பேருந்து ஓட்டுநர் வந்தார். ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. "எல்லாம் மறக்குது" என்று தானே வந்து பெயர் கொடுத்தவர். நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல நினைவோடு இருக்கும் ஒருவர் வீட்டிலிருந்து கூட வர வேண்டும் என்பது விதி. இருவருக்கும் ஒரே சோதனைதான். தையல்காரரான அவர் மனைவி அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை இருவருக்கும் மூளை ஸ்கேன் உண்டு. அதில் ஏதாவது தெரிந்தால் மட்டும் நான் வாய் திறக்கலாம்.

இருபது படங்களைக் காட்டினேன். பிறகு இரண்டிரண்டாக வைத்து, முதலில் காட்டியது எது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலே பத்துக்குப் பக்கத்தில் சரியாக வந்துவிடும். காலையில் இதே நாற்காலியில் உட்கார்ந்த அவர் மனைவிக்கு ஒன்பது வந்திருந்தது. ஓட்டுநருக்கு ஒன்றுகூட இல்லை. தப்பித்தவறிக்கூட அவர் விரல் சரியான படத்தைத் தொடவில்லை. பதினைந்தாவதிலேயே என் பேனா நின்றுவிட்டது. இருபதையும் தவறாகச் சொல்ல வேண்டுமென்றால் இருபதும் நினைவில் இருக்க வேண்டும்.

"ஏங்க ஐயா இப்படி?" என்றேன். இந்த அறையில், தாளில் இல்லாத என் முதல் கேள்வி.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"தச்சு முடிச்ச சட்டைக்குத் திரும்பவும் கை வெட்டுறா டாக்டரம்மா. போன வாரம்கூட ஒரே சட்டைக்கு நாலு கை. இது ஆரம்பிச்சப்பவே டாக்டரப் பாக்கலாம் வான்னேன். எனக்கென்ன பைத்தியமான்னு ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. எனக்கு மறதின்னு சொன்னேன். அன்னைக்கே செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா."

படிவத்தின் கடைசிக் கட்டம் என் கைக்குக் கீழே இருந்தது. வேண்டுமென்றே தவறாகப் பதில் சொல்கிறாரா? ஆம், இல்லை. 'ஆம்' என்றால் இருவருமே இன்றோடு நீக்கம். அதற்குப் பிறகு அந்த அம்மா எந்த டாக்டரிடமும் வரப்போவதில்லை. 'இல்லை' என்றால் நிஜமாகவே மறந்து தவிக்கிற எத்தனையோ பேருடைய கணக்கில் இவருடைய பொய்யும் சேரும், என் கையெழுத்தோடு. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. வெறும் மறதிக்காரராகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்?

"ஸ்கேன் வரைக்கும் விட்டுடுங்க. படத்துல பாத்தா நம்புவா."

"அதுக்கப்புறம்?"

"அப்புறமென்ன? வீட்டுல ஒருத்தருக்கு மறதின்னு ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு."

பதில் சொல்வதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு அவர் மனைவி உள்ளே வந்தார். "இவரு தேறுவாரா டாக்டரம்மா? கேட்டதையே கேட்டு என் உசிர வாங்குறாரு." காலையிலிருந்து அவர் இதை என்னிடம் சொல்வது நான்காவது முறை. நான் முகத்தை அசைக்கவில்லை. "வாங்க, கையப் புடிச்சுக்கோங்க. விட்டா எங்கயாவது போயிடுவீங்க" என்று கணவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

டிக் அடிக்காத படிவத்தோடு நான் வாசல்வரை போனேன். லிஃப்ட் இடப்பக்கம் இருந்தது. அந்த அம்மா கொஞ்சமும் தயங்காமல் வலப்பக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தார். ஓட்டுநர் லிஃப்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரும் வலப்பக்கமே போனார். கோடியில், துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறையை அந்த அம்மா திறந்தார். இருவரும் உள்ளே போனார்கள். ஒரு வாளி உருளும் சத்தம் கேட்டது.

"அடடா, நான்தான் தப்பாக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றது ஓட்டுநரின் குரல்.

"இதுக்குத்தான் நான் கூடவே வர்றேன்" என்று திட்டிக்கொண்டே, அவர் தோளில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டபடி அந்த அம்மா அவரை வெளியே அழைத்து வந்தார்.